பாட்டுக்குப் பரிசும் பால் பிரிவும்

பரிசளிப்பு விழாக்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பரிசு பெற்றவரைப் பற்றியே எழுதுவர். பரிசுகள் எத்தனை, அவற்றை எவ்வாறு பகுத்தனர், யாரை எந்த வரிசையில் நிறுத்தினர் என்பனவற்றை யாரும் அவ்வளவாகக் கருதுவதில்லை. கலியாண வீட்டில் இலை போடும்போதே இன்னார் முதற்பந்தி, இன்னார் கடைப்பந்தி என்பது முடிவாகிவிடுவது போல, பரிசுக்குப் பிரிவு வகுக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வாறு இலை போட்ட கதைதான். அமெரிக்க நாட்டில் இசைத்தட்டுகளுக்கு அளிக்கும் கிராமி விருதுகளில், தனித்து ராப் பாடும் ஆடவருக்கு ஒன்று, மகளிருக்கு ஒன்று என ஒரு காலத்தில் இரண்டு இலை போட்டார்கள். இரண்டே ஆண்டில் அதைச் சுருட்டிவிட்டார்கள்.

"தமிழ்ச் சங்க இதழுக்கு இது எதற்கு?" என்று மூத்த அன்பர்கள் வினவக்கூடும். மும்பைத் தமிழர் வினவமாட்டார். தாராவிச் சந்துகளில் நம் பிள்ளைகள் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து இப்பாட்டைக் கட்டிப் பாடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2018இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தில் அப்பகுதி இளைஞர்களான டோப்டெலிக்ஸ் குழுவினரின் குரல் ஒலித்ததை நாம் பெருமையோடு கேட்டோம். இசை என்று சொல்லக் கூசும் பெரியோர் ஒருமுறை பொறுமையாகச் செவி கொடுத்துப் பார்க்கலாம். முதலில் வாய்ச்சண்டை போல் கேட்கும். பிறகு சந்தம் பிடிபடும். அடியின் இறுதியில் இயைபும், அடிக்குள்ளேயே உடன் ஓடிவரும் மோனையும் தெரியவரும். பண் குறைவு, தாளமும் சொல்லும் மிகுதி. ஆதலால் இதனைச் 'சொல்லிசை' என்று நம் இளைஞர்கள் அழைப்பது பொருத்தமே.

இவ்விசை பிறந்த வீட்டில் பெண்கள் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தை இதன் தொடக்கமாகக் கொள்வர். அவ்விருந்தை ஏற்பாடு செய்தவள் அவருடைய தங்கை சிண்டி. பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்ததாம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்பர். (பால் பிரிவினை அன்றைக்கே வாசலில் நின்றது போலும்!) 1979இல் உலகெங்கும் ராப்பை அறியச் செய்த முதற்பெரும் இசைத்தட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் நிறுவனத்தைத் தன் கணவரோடு நிறுவி, அத்தட்டை உருவாக்கியவரும் சில்வியா ராபின்சன் என்னும் பெண்மணியே. எனவே ஆடவர் கட்டிய வீட்டிற்குப் பெண்கள் பிற்பாடு குடிவந்தார்கள் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டுவதில்லை.

இனி விருதின் கதைக்கு வருவோம். கிராமி விருதுகள் 1959இல் தொடங்கின. முதலாண்டிலேயே பாடகருக்குத் தனி, பாடகியருக்குத் தனி எனப் பரிசு வகுத்தார்கள். மகளிர் பரிசை எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆடவர் பரிசைப் பெர்ரி கோமோவும் பெற்றனர். ராப் இசைக்கு அவ்விழாவில் இடம் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1989இல் ஒரே ஒரு ராப் விருது ஏற்படுத்தப்பட்டது. பரிந்துரைப் பட்டியலில் ஐந்து பெயர்கள். அவற்றுள் இரண்டு, ஜே. ஜே. ஃபாட், சால்ட்-என்-பெப்பா என்னும் மகளிர் குழுக்கள். ஆனால் அப்பரிசைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்று விழா நடத்தியவர்கள் கூறிவிட்டனர். பரிசு பெறவிருந்த டி.ஜே. ஜாஸி ஜெஃபும் ஃப்ரெஷ் பிரின்சும், அவர்களோடு சால்ட்-என்-பெப்பா குழுவினரும் விழாவையே புறக்கணித்தார்கள். உண்ண அழைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் இலை போட்டால் தன்மானமுள்ளவர் எழுந்து போவது இயல்பன்றோ?

1991இல் அவ்வொரு விருது, தனித்துப் பாடுவோர்க்கு ஒன்றும் குழுவினர்க்கு ஒன்றுமாக இரண்டாயிற்று. பாட்டிலும் பிறவகை இசையிலும் ஆண் பெண் பிரிவு நிலவிய அக்காலத்தில், ராப்பில் மட்டும் இருபாலரும் ஒரே களத்தில் நின்றனர். முதற்பரிசு எம்.சி. ஹாம்மருக்குச் சென்றது. 1994இல் எம்.சி. லைட் என்னும் பெண் அக்களத்தின் பட்டியலில் இடம்பெற்றார். பரிசு டாக்டர் டிரேக்குக் கிடைத்தது. 1995இலோ ஒரு வியப்பு நிகழ்ந்தது. பெண்களை இழிசொல்லால் விளிக்கும் வழக்கத்தைக் கண்டித்துப் பாடிய குயீன் லத்தீஃபாவுக்குத் தனிப் பாடகர் பரிசும், ஆறாண்டுகளுக்கு முன் விழாவைப் புறக்கணித்த சால்ட்-என்-பெப்பாவுக்குக் குழுப் பரிசும் கிடைத்தன. அவ்வாண்டின் இரு ராப் விருதுகளும் மகளிர்க்கே! பிரிவினை வேண்டியதில்லை, திறமை இருந்தால் போதும் என்று வாதிடுவோர் இவ்வோராண்டையே கைகாட்டலாம்.

ஆனால் ஓராண்டைக் கொண்டு ஊரை எடைபோடலாகாது. அடுத்த ஆறு ஆண்டுகளில் அப்பரிசு மீண்டும் ஆடவரிடமே இருந்தது. 1999இல் நடந்ததைப் பாருங்கள். லாரின் ஹில் என்னும் இளநங்கை அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்னும் தலையாய விருதோடு ஐந்து விருதுகளை அள்ளிச் சென்றார். ராப்பும் பாட்டும் இரண்டறக் கலந்த தொகுப்பு அது. அவருக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, மகளிர்க்கென்றே வகுத்த பாடகியர் விருது. தனி ராப் பிரிவிலும் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அவ்விருது வில் ஸ்மித்துக்குப் போயிற்று. நாடே தலைசிறந்தவர் என்று ஒப்பிய ஆண்டிலும், ராப் என்ற வாயிலில் அவர் நிற்க வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் குரலில் இல்லை; இசைத்தட்டு வாணிகத்தின் நடைமுறையில் உண்டு. அந்நாளைய ராப் குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஆடவர் பலர் இருப்பர், பெண் ஒருத்தி இருப்பாள். ஜூனியர் மாஃபியாவுக்கு லில் கிம், ரஃப் ரைடர்சுக்கு ஈவ், தி ஃபர்ம் குழுவுக்கு ஃபாக்ஸி பிரௌன். இரண்டாமவள் ஒருத்தி வந்தால் "ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாளே" என்பது போன்ற நிலை. வீட்டுக்கு ஒரு விளக்கு என்பார்களே, அக்கணக்கு. விளக்கு ஒன்றே என்றால் அது எத்துணைப் பெரிதாக எரிந்தாலும், பட்டியலில் ஐந்து பெயர் எழுதும்போது பெண்பெயர் ஒன்றுக்கு மேல் வருவது அரிது.

2003இல் கிராமியார் தனி ராப் விருதை ஆடவர்க்கும் மகளிர்க்குமாக இரண்டாக்கினர். அவ்வாண்டு ஆடவர் பரிசு நெல்லிக்கு, மகளிர் பரிசு மிஸ்ஸி எலியட்டுக்கு. 2004இல் ஆடவர் பரிசு எமினெமுக்கு. மகளிர் பரிசு மறுபடியும் மிஸ்ஸி எலியட்டுக்கே. 2005இல் பழையபடி ஒரே பரிசாக்கிவிட்டனர். எனவே மகளிர் தனி ராப் விருதின் பட்டயத்தில் இன்றளவும் ஒரே பெயர்தான் உண்டு.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்த இந்த மிஸ்ஸி எலியட் தாமே எழுதுவார், தாமே இசையமைப்பார், பிறருக்கும் இசைத்தட்டு உருவாக்கித் தருவார். 2002இல், அதாவது பிரிவினை வருவதற்கு முந்திய ஆண்டில், ஆடவரும் மகளிரும் கலந்திருந்த பொதுக் களத்திலேயே அவர் தனி ராப் விருதை வென்றிருக்கிறார்! பிற்காலத்தில், 2019இல் பாடலாசிரியர் புகழ்மன்றத்திலும் 2023இல் ராக் அண்டு ரோல் புகழ்மன்றத்திலும் இடம்பெற்ற முதற் பெண் ராப் கலைஞரும் அவரே. அத்தகையவருக்கு மகளிர் பிரிவு எதற்கு? கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்தாற் போலத்தான். தனிப்பிரிவின் பயன் முதலிடத்தில் நிற்பவளுக்கு இல்லை. அவளுக்குப் பின்னால், பொதுக் களத்தில் யார் கண்ணிலும் படாமல் நிற்கும் இரண்டாமவளுக்கும் மூன்றாமவளுக்குமே அது வேண்டும். அவர்கள் முறை வருவதற்குள் இலையைச் சுருட்டிவிட்டார்கள் என்பதே நம் குறை.

இதை வெறும் ஊகமாக நாம் கூறவில்லை. நாம் வாழும் இந்நகரிலேயே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நடந்திருக்கிறது. அதில் தமிழ்க் குரல் ஒன்றும் உண்டு. கிராமி தொடங்கிய அதே 1959இல்தான் இங்கே பிலிம்ஃபேர் விருதுகளில் பின்னணிப் பாட்டுக்கு முதன்முதல் பரிசு வைத்தனர். அங்கே தொடக்கத்திலேயே பாடகர், பாடகி என்று பிரித்தார்கள். இங்கே ஒரே பரிசு. 1959 முதல் 1967 வரை ஒன்பது ஆண்டுகளில் அப்பரிசை ஆறு முறை ஆடவரும் மூன்று முறை பெண்ணும் பெற்றனர். அம்மூன்று முறையும் பெற்றவர் லதா மங்கேஷ்கர் ஒருவரே. ஆஷா போஸ்லே அப்போது நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடி முடித்திருந்தார், ஒருமுறையும் கிடைக்கவில்லை.

1966இல் வந்த 'சூரஜ்' என்னும் இந்திப் படத்தில் முகமது ரஃபி பாடிய பாட்டொன்றும், சாரதா என்னும் புதிய பாடகி பாடிய பாட்டொன்றும் ஒருங்கே புகழ்பெற்றன. சாரதா ராஜன் ஐயங்கார் என்பது அவ்வம்மையின் முழுப்பெயர். தமிழ்க் குடும்பத்துப் பெண். தெஹ்ரான் நகரில் ஒரு நிகழ்ச்சியில் அவர் பாடக் கேட்ட ராஜ் கபூர் இந்நகருக்கு அழைத்தார். வாக்கில் இருவரும் சமமாக நின்றனர் என்றும், பரிசு ரஃபிக்குச் செல்ல, சாரதாவுக்குத் தனியே சிறப்புப் பரிசு அளிக்கப்பட்டது என்றும், அதன் விளைவாகவே மறு ஆண்டு முதல் ஆண் பெண் என இரு விருதுகள் ஆயின என்றும் கூறுவர். 1968இல் பெண்ணுக்கென வைத்த முதற்பரிசு ஆஷா போஸ்லேக்குக் கிடைத்தது. 1971இல் அதே பரிசைச் சாரதாவும் பெற்றார். 2023இல் அவர் மறைந்தபோது இந்நகரத் தமிழர்களிலேயே எத்தனை பேர் அவரை நினைத்தார்களோ, நினைத்தால் மனம் கசக்கிறது. தேசியத் திரைப்பட விருதில் பெண் பின்னணிப் பாடகர்க்கென வைத்த முதற்பரிசும், 1968ஆம் ஆண்டுக்காக, 'உயர்ந்த மனிதன்' படத்துத் தமிழ்ப்பாட்டுக்கே, பி. சுசீலா அம்மையாருக்குக் கிடைத்தது.

லதாவுக்குத் தனிப்பிரிவு வேண்டியிருக்கவில்லை. ஆஷாவுக்கும் சாரதாவுக்கும் வேண்டியிருந்தது. அவ்விலையை இன்றுவரை யாரும் சுருட்டவும் இல்லை. மிஸ்ஸி எலியட்டுக்குப் பின்னால் நின்ற ஆஷாக்களும் சாரதாக்களும் யாவர் என்பதை அறிய நமக்கு வழியே இல்லாமற் போயிற்று.

2005 முதல் 2011 வரை ஏழு முறை பொதுவான தனி ராப் விருது வழங்கப்பட்டது. ஏழும் ஆடவருக்கு; ஜே-ஸீக்கு இரண்டு, கான்யே வெஸ்ட்டுக்கு இரண்டு, மற்றவை மூவர்க்கு. முன்னைப் பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொதுக்களமாக நடந்த பத்தொன்பது முறையில் பெண்கள் வென்றது இரு முறை. பின்னர்க் கிராமியார் தம் விருதுகளை 109இலிருந்து 78ஆகக் குறைத்தபோது, 2012 முதல் பாட்டு வகைகளிலும் ஆண் பெண் பிரிவு நீங்கிற்று. தனி, குழு என்ற ராப் பிரிவுகளும் ஒன்றாயின. அவ்வாறு ஒன்றான ராப் விருதில் 2012 முதல் 2025 வரை பெண் ராப் கலைஞர் வென்றது ஒரே முறை: 2021இல், பியான்சேயோடு இணைந்து பாடிய மேகன் தீ ஸ்டாலியன். ராப் தொகுப்புக்கான விருதைத் தனியொரு பெண்ணாக முதன்முதல் பெற்றவர் கார்டி பி; ஆண்டு 2019. அடுத்தவர் டோச்சி; ஆண்டு 2025. பத்துக்கு மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்ட நிக்கி மினாஜுக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை. அவருக்கோ, பி.இ.டி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் மகளிர்க்கெனத் தனியே வைத்த பரிசு 2010 முதல் 2016 வரை ஏழாண்டு தொடர்ந்து கிடைத்தது. ஒருவரே ஏழுமுறை பெறும் பரிசால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. அந்த ஏழாண்டும் பட்டியலில் உடன் நின்ற பெயர்களை அவர்கள் படித்துப் பார்க்கட்டும். எட்டாம் ஆண்டில் ரெமி மா வந்தார்.

பிரிவினை வேண்டாம் என்போர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ கொள்ளாத கலைஞர் எந்த வரிசையில் நிற்பார்? இங்கிலாந்தின் பிரிட் விருதுகளில் 2021இல் சாம் ஸ்மித் இக்கேள்வியை எழுப்பினார். 2022இல் அங்கே பிரிவு நீக்கப்பட்டது. அவ்வாண்டு பொதுப்பரிசு அடெலுக்கே கிடைத்ததால் எல்லாரும் மகிழ்ந்தனர். 2023இல் பரிந்துரைப் பட்டியலின் ஐந்து பெயர்களும் ஆடவர் பெயர்கள்! மறு ஆண்டு பட்டியலைப் பத்தாக நீட்டினார்கள். நீட்டியது நல்லதே. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, திண்ணையும் அகலமாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஓராண்டில் கற்றார்கள்.

இவ்வளவையும் நாம் தேடிப் படித்ததற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. வருகிற பொங்கல் விழாவில் இளைஞர்க்குச் சொல்லிசைப் போட்டி வைப்பதென்று நம் சங்கச் செயற்குழு முடிவு செய்து பெயர் கேட்டது. பையன்கள் ஒன்பது பேர் வந்தனர். பெண் ஒருத்தி வந்தாள். நம் கட்டடத்து மூன்றாம் மாடியில் பத்தாம் வகுப்புப் படிப்பவள். பாட்டி பேசும் திருநெல்வேலித் தமிழையும் மின்வண்டியில் கேட்கும் மராத்தியையும் பின்னி அவள் கட்டியிருந்த பாட்டு, பையன்களின் பாட்டுகளுக்குக் குறைந்ததன்று. இரண்டு மூன்றைவிட மேலானதும்கூட. செயற்குழுவில் ஒருவர், "பெண்பிள்ளைக்குத் தனியாக ஒரு பரிசு வைத்துவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது" என்றார். மற்றொருவர், "ஒருத்திக்கு ஒரு பிரிவா? கேலிக்கூத்து" என்றார். அவளையே அழைத்துக் கேட்டோம்.

"மாமா, நான் ஒருத்தி மட்டும் நின்னு ஃபர்ஸ்ட் வாங்கினா, யாரை ஜெயிச்சேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?" என்றாள்.

நாம் விடை கூறவில்லை. அவள் கேட்டது சரி. வேறொன்றைக் கேட்டோம்: "உன்னோடு பாடுகிற பெண்கள் வேறு யாரும் இல்லையா, அம்மா?"

"ரெண்டு பேர் இருக்காங்க மாமா. ஒருத்தி என்னைவிட நல்லா எழுதுவா. பையன்களோட நிக்கணும்னா வீட்ல விடமாட்டாங்கன்னு பேர் குடுக்கல."

அந்த விடை நமக்குப் போதுமானதாயிருந்தது. பொதுப்போட்டி இருபாலர்க்கும் திறந்தே இருக்கும் என்றும், மகளிர்க்கு அதனோடு தனிப்போட்டி ஒன்று நடைபெறும் என்றும், விரும்புவோர் இரண்டிலும் கலந்துகொள்ளலாம் என்றும் செயற்குழு தீர்மானித்தது. மகளிர் பிரிவில் ஒருவரே பெயர் கொடுத்தாலும் ஐந்தாண்டுகளுக்கு அதை நீக்கலாகாது என்ற விதியை நாம் வற்புறுத்திச் சேர்க்கச் செய்தோம். "ஐந்தாண்டு எதற்கு?" என்று கேட்டவரிடம் மிஸ்ஸி எலியட்டின் இரண்டாண்டுக் கதையையும் சாரதா அம்மையின் கதையையும் கூறினோம். அவர் முழுமையாக உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. பரிசுத் தொகைக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக் கையொப்பமிட்டார்.

மூன்றாம் மாடிப் பெண் இரண்டு போட்டிகளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். அவளைவிட நன்றாக எழுதுவாள் என்று சொன்ன தோழியின் பெயர் மகளிர் பிரிவில் மட்டும் பதிவாகியிருக்கிறது. பெயர் தர இன்னும் இரு வாரம் இருக்கிறது. பெண் மக்களைப் பெற்ற அன்பர்கள் அதற்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதுக.